தரையைத் தின்ற ஆடு

லியேஜ் நகரத்து ஞாயிறு சந்தையில்,
மியூஸ் ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன்
துருப்பிடித்த காப்பி அரைவையோடு சேர்த்துத்தான் தருவேன் என்றான்.
பதினான்கு யூரோ.
அரைவையை அடுத்த கடையில் மூன்றுக்குத் தள்ளிவிட்டு
டப்பாவை மட்டும் மார்போடு அணைத்து
வீடுவரை நடந்தேன், பேருந்தின் குலுக்கலை நம்பாமல்.

மூடியைத் திறந்தால் முதல் வேலை மூக்குக்கு.
காடி நெடி வந்தால்
சுருள் தன்னைத்தானே தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள்.
வரவில்லை.
கற்பூரம், கொஞ்சம் புகையிலை.
ஒன்பதரை மில்லிமீட்டர் அகலம்,
கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு துளை,
தொப்புள் போல.

நான் செயற்கைப் பல் செய்கிறவன்.
பகலெல்லாம் யார் யாருடைய கடைவாய்க்கோ பீங்கான் வார்க்கிறேன்.
அதே உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டி
அன்றிரவு ஆட்டைப் பார்த்தேன்.

ஆடு என்றால் ஆறு கோடு, ஒரு தாடி,
கழுத்தில் மணியாக ஒரு புள்ளி.
நுழைந்ததுமே தலைப்பின் எழுத்துகளைத் தின்கிறது.
வட்டமான எழுத்தை மட்டும்
இலந்தைக் கொட்டை மாதிரி துப்புகிறது.
அப்புறம் வேலி.
அப்புறம் நிலா, தோலோடு.
வேறொன்றும் மிச்சமில்லாதபோது
காலடியில் கிடக்கும் தரைக்கோட்டை
வலது ஓரத்திலிருந்து சேமியா போல உறிஞ்சுகிறது.
கடைசி விரற்கடை உள்ளே போகும் நேரம்
சுருள் அறுந்திருக்கிறது.

ஒன்பது வருடம் அந்த ஆடு
தரையில்லாமல் நின்றது.
இடையில் எனக்கு விவாகரத்து ஆனது,
அது வேறு கதை.

க்ரோனிங்கனில் தீனெக்கே என்றொருத்தி இருப்பதாக
ஏலக்கூடத்து வாசலில் யாரோ சொன்னார்கள்.
கால்வாய் மதகைத் திறந்து மூடுகிற வேலை.
அவளிடமும் ஓர் ஆடு இருக்கிறதாம்,
முதல் கட்டத்திலேயே விழுந்துகொண்டிருக்கிறதாம்,
எங்கிருந்து என்று அவளுக்குத் தெரியாதாம்.

கடிதத்தில் விலை கேட்டேன்.
பதிலில் அவள் என் பாதிக்கு விலை கேட்டாள்.
நான்கு வருடம் இப்படியே,
கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையில்கூட எண்கள்.
ஒட்டிவிடலாமே என்று ஒருமுறை எழுதினாள்.
ஒட்டுவதென்றால் பசைக்கு இடம்விட்டு
ஒரு கட்டத்தைச் சுரண்டி எறிய வேண்டும்.
உன்னுடையதா, என்னுடையதா?
அதற்குப் பின் ஏழு மாதம் கடிதமே இல்லை.

பிப்ரவரியில் அவளே வந்தாள்.
சாப்பாட்டு டப்பாவுக்குள் கம்பளிக் காலுறை,
காலுறைக்குள் சுருள்.
காப்பி வேண்டாம் என்றாள்.
சமையலறைச் சுவரின் நாள்காட்டியைக் கழற்றினேன்.
கையால் சுற்றும் கருவிகள் இரண்டு,
மேசைமேல் தோளோடு தோள்.
என் ஆடு தரையைத் தின்று முடித்தது.
சுவர் வெள்ளை.
ஒரு மூச்சு.
அவள் சுற்றத் தொடங்கினாள்.
ஆடு விழுந்தது, கால் நான்கும் மேலே, தாடி மேலே,
விழுகிற விழுக்காட்டிலும்
போகிற வழியில் ஒரு மேகத்தைக் கடித்தது.

மணி எங்கே என்றேன்.

அவள் ஆட்டுக்கு மணி இல்லை.
கொம்பும் கொஞ்சம் குட்டை.
வேறு படம். வேறு ஆடு.
இத்தனை வருடக் கணக்கும்
கழுத்தில் இல்லாத ஒரு புள்ளியில் பொய்த்தது.

அவள் பேசாமல் மேலங்கியை எடுத்தாள்.
எனக்குக் கை சும்மா இருக்காது,
உருப்பெருக்கியை மாட்டி
அவள் சுருளை விளக்கடியில் இழுத்தேன்.
மேகத்துக்குப் பக்கத்தில், ஒரே ஒரு கட்டத்தில்,
மை படிந்த கட்டைவிரல் ரேகை.
குறுக்கே ஒரு தழும்பு.
முகம் மறந்தாலும் விரிசல் மறக்காத தொழில் என்னுடையது.
என் சுருளில் நிலாவைத் தின்கிற இடத்தில்,
முன்னூற்று நாற்பதாவது கட்டத்தில்,
அதே ரேகை, அதே தழும்பு.
கண் சிமிட்டினால் தவறிவிடும்.

பெயர் எங்கும் இல்லை.
யாரோ ஒருவர், ஆணோ பெண்ணோ,
இரண்டு ஆடு வரைந்து
இரண்டு முறை கை துடைக்க மறந்திருக்கிறார்.

தீனெக்கே மேலங்கியோடே உட்கார்ந்தாள்.
இன்னொரு தடவை சுற்று,
விரல் வருமிடத்தில் மெதுவாக, என்றாள்.
சுற்றினோம். அவளுடைய கடைசி ரயில் போயிற்று.
விலையைப் பற்றி இரவு முழுக்க மூச்சுவிடவில்லை.

விடிந்ததும் இருநூறு கேட்டாள்.